வறண்ட காட்டில் ஒரு ஈரக் குட்டை

"பாஸ், இந்தக் கோழி என்னைவிட அழகா இருக்கு," என்றான் ஜெஃப்லின்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

"ரோடு எங்க இருக்கு? காட்டுங்க, பார்க்கறேன்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மழையே பார்க்காத மலைப்பாதை மாவாகப் பொடிந்து கிடந்தது. எங்கோ எரிந்துகொண்டிருந்த காட்டின் புகை பள்ளத்தாக்கு முழுக்க அப்பியிருந்தது. ஜீப்பின் கண்ணாடியைத் துடைக்க ஜெஃப்லின் தண்ணீர் விசையை அழுத்தினான். அதிலும் ஒன்றும் வரவில்லை.

அருகில் உட்கார்ந்திருந்த மர்செல்லா கொந்துலிஸ், மடியிலிருந்த புகைப்படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோத்தா கினபாலுவில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் டூசுன் பழங்குடிப் பெண் அவள். மேலதிகாரிகளின் அசட்டுத்தனத்தைச் சகிக்க முடியாமல் போலீஸ் வேலையை உதறியவள். வெளியே வந்தபின் பார்த்தால், அசட்டுத்தனம் சீருடையில் மட்டும் இல்லை என்று தெரிந்துபோனது. அன்றிலிருந்து அவளுக்கு உலகத்தின் மேல் மொத்தமாக ஓர் இளக்காரம். ஜெஃப்லின் வோங் அவளுடைய உதவியாளன், ஓட்டுநர், சில நாட்களில் சமையல்காரன். அப்பா சீனர், அம்மா டூசுன். வாய் மட்டும் யாருடையது என்று இரண்டு குடும்பமும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

படத்தில் ஒரு வெள்ளைவால் காட்டுக்கோழி, நீல முகமும் தும்பைப்பூ வாலுமாக, ஒரு குட்டையின் ஓரத்தில் குனிந்து நீர் அருந்திக்கொண்டிருந்தது. அடியில் எடுத்தவரின் வாசகம்: 'காடே செத்துக்கொண்டிருக்கிறது. மனிதக் கை படாத கடைசிக் குட்டை இது.' எடுத்தவர் கெல்வின் தாம். காட்டுயிர்ப் படங்களுக்காகவே பெயர் எடுத்தவர். முதல் பரிசைத் தருவதற்கு முன்னால், கை படாதது என்பது நிஜம்தானா என்று பார்த்து வரச்சொல்லிப் புகைப்படப் போட்டிக் குழு மர்செல்லாவை அனுப்பியிருந்தது.

"இடது மூலையைப் பாரு. என்ன தெரியுது?"

"தண்ணி."

"தண்ணியில?"

"வட்டம். வட்டத்துக்குள்ள வட்டம்."

"வானத்துலேருந்து ஒரு சொட்டு விழாத காட்டுல, இந்தக் குட்டையில மட்டும் என்ன விழுது?"

ஜெஃப்லின் யோசித்தான். "பரிசுப் பணத்தை நினைச்சு அந்த ஆளுக்கு எச்சில் ஊறியிருக்கும்."

மர்செல்லா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காவிட்டால் நகைச்சுவை தேறிவிட்டது என்று அவன் எடுத்துக்கொள்வான்.

கம்போங் மொலினுங் கிராமத்தின் பொதுக்குழாய் அடியில் வாளிகள் வரிசையாகக் காத்திருந்தன. குழாயிலிருந்து காற்றுதான் வந்துகொண்டிருந்தது. வரிசையை விட்டுத் தள்ளி ஒரே ஒரு நீல வாளி தனியாக நின்றது. அதன் பக்கத்தில் முப்பதைத் தாண்டாத ஒரு பெண், இடுப்பில் ஸ்பானர் செருகியபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்க்கா, உங்க வாளிக்கு மட்டும் அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டான் ஜெஃப்லின்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "திருடி வாளி தம்பி. மத்த வாளி கூட நின்னா ஒட்டிக்குமாம்."

அவள் பெயர் மைரின். மலை ஓடையிலிருந்து ஊருக்கு இறங்கும் கறுப்பு பைப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஊரார் அவளுக்குக் கொடுத்தது. ஓடை இளைத்துவிட்டதால் வருவதே கொஞ்சம். அதுவும் இப்போது பாதி நேரம் நின்றுபோனது.

"விடிஞ்சதும் நிக்குது. வெயில் உச்சிக்கு ஏறினா வருது. சாயந்திரம் மறுபடி நிக்குது. நான் வால்வை மூடி, அந்தப் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு விக்கறேன்னு ஊர்த்தலைவர் சொல்றாரு. இன்னிக்கு மத்தியானம் மண்டபத்துல விசாரணை."

"ராத்திரி?" என்றாள் மர்செல்லா.

"ராத்திரி முழுக்க வருது."

மர்செல்லாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அவளுக்கு ஏதோ கிடைத்துவிட்டது என்று ஜெஃப்லினுக்குப் புரிந்தது.

"தோட்டத்துக்குத் தண்ணி திருடறவன் ராத்திரியில திருடுவான், எல்லாரும் தூங்கறப்ப. இவன் ராத்திரி பூரா விட்டுட்டு, காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்வா விழற நேரத்துல மட்டும் எடுக்கறான். ஜெஃப்லின், இவனுக்குத் தண்ணி முக்கியமா, வெளிச்சம் முக்கியமா?"

ஜெஃப்லின் வாயைப் பிளந்தான். "போட்டோக்காரன்!"

"நீங்க மேல போய்ப் பார்க்கலையா?" என்று மைரினைக் கேட்டாள் மர்செல்லா.

"பைப் ஓரமா நடந்து பார்த்தேன். உடைசல் ஒண்ணும் கண்ல படல. அப்புறம் தலைவர் தடை போட்டுட்டாரு. நான் போனா சாட்சியைக் கலைச்சிருவேனாம்."

"தப்பு உங்க மேலன்னு தீர்ப்பு ஆனா?"

"என் எருமையை வெட்டி ஊர் சூட்டை ஆத்துவாங்க. தப்பு நடந்தா ஊர் சூடாயிரும்னு, பலி குடுத்து ஆத்தற சோகித் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? எருமை போனா போகட்டும். என் மக நாளைக்கு எந்த வீட்டுல பொண்ணாப் போயி நின்னாலும், 'வறட்சியில ஊர்த் தண்ணியை வித்தவ மக'ன்னுதானே சொல்லுவாங்க? அதை எந்த எருமையை வெட்டிக் கழுவறது?"

மர்செல்லா மலைப்பக்கம் நடக்க, ஜெஃப்லின் பின்னால் ஓடினான்.

காட்டில் இலைகள் காலுக்கடியில் அப்பளமாக நொறுங்கின. வழக்கமாகக் கெண்டைக்காலைக் கொண்டாடும் அட்டைகளைக்கூடக் காணவில்லை.

"அட்டையே ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சு பாஸ். ரத்தம் உறிஞ்சற வேலையை போட்டோக்காரங்க எடுத்துக்கிட்டாங்க போல."

"பேச்சைக் குறை. மேல பாரு."

கறுப்பும் பச்சையுமான பெரிய பட்டாம்பூச்சிகள் இரண்டிரண்டாக ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. ஈர மண்ணை உறிஞ்சப் போகிற கூட்டம். காய்ந்த காட்டில் ஈரம் இருக்கும் இடத்தை அவற்றைவிட நன்றாக யார் சொல்வார்கள்? இருவரும் பின்னாலேயே போனார்கள். காய்ந்த ஓடைப்படுகை ஒன்றில் பைப் சருகுக்குள் புதைந்து போகும் இடத்தில் பட்டாம்பூச்சிகள் பக்கவாட்டில் திரும்பின. மர்செல்லா சருகைத் தள்ளினாள். பைப்பை அறுத்து, கிளைக்குழாய் ஒன்று பொருத்தி, திறந்து மூட ஒரு பிடியும் வைத்திருந்தார்கள். கிளைக்குழாய் புதருக்குள் நுழைந்து ஒரு பாறைக்குப் பின்னால் ஏறியது.

பாறைக்கு அந்தப் பக்கம் அந்தக் குட்டை இருந்தது. அடியில் கறுப்புத் தார்ப்பாய், மேலே எங்கிருந்தோ பெயர்த்து ஒட்டிய பாசி, பாறை இடுக்கில் ஒளித்த குழாய்முனையிலிருந்து சொட்டும் ஒழுக்குமாகத் தண்ணீர், நிரம்பி வழிந்தது மணலுக்குள். எதிரே இலைவண்ணத் துணிக்கூடாரம். அதன் கிழிசலிலிருந்து பீரங்கி அளவுக்கு ஒரு லென்ஸ் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஷ்ஷ்! பறவை போயிடும்!" என்றது கூடாரம்.

"போகட்டும். அதுக்காவது மானம் இருக்கு," என்றாள் மர்செல்லா.

கெல்வின் தாம் வெளியே வந்தார். தொப்பி முதல் காலுறை வரை இலை அச்சுப் போட்ட உடை. வந்தது யார், எதற்கு என்று தெரிந்ததும் முகம் மாறியது. ஆனால் வெட்கப்படுவதற்குப் பதிலாக அவர் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். அந்த ரகம்.

"நீங்க இதைத் தப்பாப் பார்க்கறீங்க. காட்டோட வேதனைக்கு நான் ஒரு சாட்சி. இந்தப் படத்தைப் பார்த்து எத்தனை பேர் அழுவாங்க தெரியுமா?"

"கீழ வாளியோட ஒரு ஊரே அழுதுட்டிருக்கு. அதையும் ஒரு படம் எடுக்கறது?" என்றான் ஜெஃப்லின்.

"மனுஷங்க எங்கயாவது வாங்கிக்கலாம். பறவை எங்க போகும்?"

"பறவை மேல இவ்வளவு பாசம் இருக்கறவர் வெயில் ஏறினதும் குழாயை ஏன் மூடறீங்க? உச்சி வெயில்ல அதுங்களுக்குத் தாகம் எடுக்காதா?" என்றாள் மர்செல்லா.

கெல்வின் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று வாழ்கிறவர்களைப் பார்த்திருக்கிறான் ஜெஃப்லின். பிடுங்கிவிட்டு, வீடு எரிவதற்காகக் கண்ணீரும் விட்டு, அந்தக் கண்ணீருக்குப் பரிசும் கேட்கிறவரை இப்போதுதான் பார்க்கிறான்.

"இந்த இணைப்பை யார் போட்டுக் குடுத்தது?"

"அந்த பைப் பொம்பளைதான். மைரின். அவளே வந்து பேசி, அவளே போட்டுக் குடுத்தா."

 இந்த ஒரு வார்த்தை மண்டபத்தில் விழுந்தால் மைரின் முடிந்தாள்.

மர்செல்லா அமைதியாகக் கேட்டாள். "பாவம், அந்த வயசுல இந்த மலையேறி வந்தாங்களா?"

"ஆமாமா. மூச்சு வாங்கிட்டு வந்தா கிழவி."

"பல்லுகூட இல்லையே அவங்களுக்கு."

"ஒண்ணு ரெண்டுதான் இருந்துச்சு."

"சாட்சின்னா இப்படித்தான் இருக்கணும்," என்றாள் மர்செல்லா. "அவளுக்கு முப்பது வயசுதான் ஆகுது, முப்பத்திரண்டு பல்லும் இருக்கு. பேரை யார் சொல்லிக் குடுத்தாங்களோ, முகத்தைச் சொல்லிக் குடுக்க மறந்துட்டாங்க. யாரு?"

கெல்வின் வாய் பூட்டிக்கொண்டது. வக்கீல் இல்லாமல் பேசமாட்டாராம்.

"பேசாதீங்க. பொய்யன் வாயிலேருந்து வந்தா உண்மையும் ஊர்ல செல்லாது. மண்டபத்துல பழைய முறைப்படி விசாரணை நடக்கப் போகுது. வந்து படம் எடுத்துக்குங்க."

பழைய முறை என்றதும் அந்த மனிதரின் கண்ணில் ஆசை மின்னியது. மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்.

திரும்பும் வழியில், அறுத்த இடத்துக்குப் பக்கத்தில் ஜெஃப்லின் குனிந்தவன் கத்தினான். "பாஸ்! கொன்னுட்டான்! அந்தக் கோழியையே கொன்னுட்டான்!"

சருகுக்குள் வெள்ளை இறகுகள் கிடந்தன. மர்செல்லா ஒன்றை எடுத்து ஊதினாள். "காட்டுக்கோழி வாலிறகு அரிவாள் மாதிரி நீளமா வளைஞ்சிருக்கும். இது வீட்டுச் சேவல்."

"அப்ப ஏதோ மிருகத்துக்கு இரை வச்சிருக்கான்."

"இரை வச்சவன் ரத்தத்தை எடுத்து பைப் மேல தடவுவானா?"

கறுப்புப் பைப்பில், அறுபட்ட இடத்தின் இருபுறமும், காய்ந்த ரத்தம் விரலால் இழுத்த கோடுகளாக இருந்தது. கீழே வாழையிலைத் துண்டில், சேவலின் கால் ஒன்று பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. ஜெஃப்லின் ஓரடி பின்வாங்கினான். அம்மா வழியில் அவனும் டூசுன்தானே.

"பாஸ்... இது சோகித்."

"ஆமா. வெள்ளைச் சேவல் சோகித். தண்ணியைத் திருடினவன், சூடு தன் வீட்டைப் பிடிக்கக்கூடாதுன்னு காட்டுக்குத் தானே அபராதம் கட்டிட்டுப் போயிருக்கான். போட்டோக்காரனுக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா இதையும் படம் எடுத்திருப்பான்." அவள் காறித் துப்பினாள். "கண்ணுக்குத் தெரியாத ஆவிக்குப் பயம். வாளி பிடிச்சு நிக்கற ஜனங்ககிட்ட ஒரு கூச்சமும் இல்ல."

சேவல் காலின் விரலிடைச் சவ்வில் இரண்டு சின்ன வெட்டுகள் இருந்தன. அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு குறி உண்டு, குஞ்சிலேயே வெட்டிவிடுவார்கள். ஊர் திரும்பியதும் ஜெஃப்லின் கோழி பிடிக்க அனுப்பப்பட்டான். நாலைந்து வீடுகளில் கொத்தும் இரண்டு கிழவிகளிடம் திட்டும் வாங்கியபின், மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"ரெட்டை வெட்டு ஊர்த்தலைவர் லோஜிமோன் வீட்டுக் குறி பாஸ்! அபராதம் கேக்கற ஆளேதான்! கேஸ் முடிஞ்சுது!"

"எங்க முடிஞ்சுது? 'சேவலையும் அவதான் திருடினா'ன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிருவார்."

"அப்ப?"

"சொல்லட்டும். அதைத்தான் சொல்லணும்."

மண்டபத்தில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. நடுப்பாயில் மூன்று பெரியவர்கள். அவர்களுக்கு முன்னால் லோஜிமோன், வெளுத்த சட்டையும் பதவிப் பட்டையுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் நிறைமாதக் கர்ப்பிணியான அவருடைய மருமகள், சுவரில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். கெல்வின் தாம் ஓரமாகக் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். மைரின் தனியாக, வெறுந்தரையில் இருந்தாள்.

"ஊர் சூடாயிருச்சு," என்று ஆரம்பித்தார் லோஜிமோன். குரலில் அத்தனை துக்கம். "மழை ஏன் வரல? ஆறு ஏன் செத்துச்சு? நம்மள்ல ஒருத்தி பொதுத் தண்ணியில கை வச்சா. எருமை விழாம இந்தச் சூடு ஆறாது."

கோழியைத் திருடிவிட்டு, பறிகொடுத்தவரோடே கூடிக் குலாவுகிறவர்களை ஜெஃப்லின் நிறையப் பார்த்திருக்கிறான். குலாவுவதோடு நிற்காமல் பஞ்சாயத்துக்கும் தலைமை தாங்குகிறவர் இவர்தான்.

மர்செல்லா எழுந்து, காட்டில் பார்த்ததைச் சொன்னாள். அறுத்த பைப், தார்ப்பாய்க் குட்டை, படத்துக்காக ஓடிய தண்ணீர். கூட்டம் கெல்வின் பக்கம் திரும்பியது. கெல்வின் தாம் உடனே தம் கேமராப் பைக்குள் எதையோ ஆழமாகத் தேட ஆரம்பித்தார். பெண்கள் வரிசையிலிருந்து வந்த வசவுகளை எழுதினால் அச்சகத்தார் கோபித்துக்கொள்வார்கள்.

"பைப்பை அறுத்தது யாருன்னு இவர் சொல்ல மாட்டேங்கறார். இது மட்டும் அங்க இருந்துச்சு." அவள் வாழையிலையை விரித்தாள். சேவல் கால். "பைப்புல ரத்தம் தடவியிருந்துச்சு. குறி ரெட்டை வெட்டு."

 எல்லாக் கண்ணும் லோஜிமோன் மேல். அவர் ஒரு கணம்தான் தடுமாறினார்.

"பார்த்தீங்களா?" என்று மைரினை நோக்கிக் கையை நீட்டினார். "என் வெள்ளைச் சேவல் காணாமப் போச்சு. மரநாய் தூக்கிருச்சுன்னு நினைச்சேன். அதையும் இவதான் திருடியிருக்கா! தண்ணியும் திருடி, என் சேவலையும் திருடி!"

கூட்டம் கொதித்தது. "ரெண்டு எருமை!" என்று எவனோ கத்தினான். மைரின் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெஃப்லின் மர்செல்லாவைப் பார்த்தான். அவள் உதடு கோணியிருந்தது.

"சரி தலைவரே," என்றாள் மிக மரியாதையாக. "அப்ப அங்க விழுந்த சோகித் உங்களோடது இல்ல."

"இல்ல."

"நீங்க குடுக்கல."

"அதான் சொல்றேனே!"

மர்செல்லா பெரியவர்கள் பக்கம் திரும்பினாள். "தாத்தா, ஒரு சந்தேகம். சோகித் விழுந்துருக்கு, ஆனா அது யாரோடதும் இல்லைன்னா என்ன ஆகும்?"

நடுவில் இருந்த கிழவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "சொந்தக்காரன் கைவிட்ட சோகித் செல்லாதும்மா. தப்போட சூடு மொத்தமும் திரும்பி வரும். பண்ணினவன் வீட்டுக்குத்தான் போகும். வீட்டுல எது இளசோ அதை மொதல்ல பிடிக்கும்."

"அப்ப தலைவர் பயப்பட ஒண்ணுமில்ல. அவர் பண்ணலையே." மர்செல்லா சேவல் காலை எடுத்து லோஜிமோனின் முன்னால் பாயில் வைத்தாள். "இதுல கையை வச்சு, மூணு பெரியவங்க முன்னால, 'இந்தச் சோகித் என்னோடது இல்ல, இதை நான் கைவிடறேன்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மைரினோட எருமையை நானே இழுத்துட்டு வந்து கட்டறேன்."

லோஜிமோன் கையை நீட்டினார். காலுக்கு ஒரு சாண் மேலே அது நின்றது.

ஆமாம் என்றால் திருடன். இல்லை என்றால் கட்டிய அபராதம் செல்லாது. ஊரை ஏமாற்றிய மனிதருக்குக் காட்டு ஆவியை ஏமாற்றத் தைரியம் இல்லை. விசிறிச் சத்தம் நின்றிருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். மருமகள் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா," என்றாள் அவள் மெதுவாக. "சொல்லிராதீங்க."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். லோஜிமோன் நீட்டிய கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"என்னோடதுதான்," என்றார் கடைசியில்.  "நான் குடுத்த சேவல்தான். கைவிடல."

 காலையில் நீல வாளியைத் தள்ளி வைத்த பெண்கள் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். 'ரெண்டு எருமை' என்று கத்தியவனைக் காணோம்.

"எவ்வளவுக்குத் தலைவரே?" என்று கேட்டாள் மைரின். அந்த மத்தியானத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை.

"இந்த போட்டோக்காரரு... இங்க விடுதி கட்டித் தர்றேன்னாரு. பறவை பார்க்க வெள்ளைக்காரங்க வருவாங்கன்னாரு. ஊருக்கு நல்லதுன்னு..."

"ஊருக்கு நல்லது," என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாள் மைரின். "காட்டுக்குச் சேவல் குடுத்தீங்க. எனக்கு எதைக் குடுத்தீங்க?"

பெரியவர்கள் நெடுநேரம் கூடிப் பேசவில்லை. பொய்க் குற்றம் சொன்னவன், கேட்ட அபராதத்தைத் தானே கட்ட வேண்டும். லோஜிமோனின் எருமை மைரினின் தொழுவத்துக்குப் போகும். பதவிப் பட்டையைக் கழற்றிப் பாயிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். தார்ப்பாயைப் பிய்ப்பதோடு, மைரின் மேல் பொய்ச் சாட்சி சொல்லப் பார்த்ததையும் மர்செல்லா சொல்லிவிட்டதால், கெல்வின் தாம் ஊருக்கு ஒரு பன்றி கொடுக்க வேண்டும்.

"பன்றியா? நான் யார்னு தெரியுமா?" என்றார் அவர்.

"தெரியும்," என்றான் ஜெஃப்லின். "பேசாம இருங்க சார், பன்றி காதுல விழுந்தா அதுக்கு அவமானமாப் போயிரும்."

இனி மிச்சம் ஒரே ஒரு சடங்கு. வழக்கு தீர்ந்தால் இரண்டு தரப்பும் ஒன்றாக ஒரே ஜாடியில் அரிசிக் கள்ளைக் குடிக்க வேண்டும். குடித்தால் பகை முடிந்தது, பேச்சும் முடிந்தது. ஜாடியை நடுவில் வைத்து இரண்டு மூங்கில் குழல்களைச் செருகினார்கள். லோஜிமோன் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒரு குழலை வாயில் வைத்துக்கொண்டார். கண்ணில் கெஞ்சல். கெல்வின் தாம் பன்றியை மறந்து கேமராவை உயர்த்தினார். மன்னிக்கிற காட்சி, நல்ல வெளிச்சம்.

மைரின் எழுந்து வந்தாள். ஜாடியைப் பார்த்தாள். அவள் உதடு வெடித்துக் காய்ந்திருந்தது, காலையிலிருந்து அவளுக்கு யாரும் ஒரு குவளை தண்ணீர் கொடுத்திருக்கவில்லை.

"எனக்குத் தாகமில்ல," என்றாள்.

இடுப்பு ஸ்பானரைச் சரிசெய்துகொண்டு, கூட்டம் விலகி வழிவிட, பைப்பை ஒட்டுவதற்காக மலைப்பக்கம் நடந்தாள். மூங்கில் குழலை வாயில் வைத்தபடி லோஜிமோன் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவராலும் உறிஞ்ச முடியவில்லை.